ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்

அந்தச் சின்ன விமான நிறுவனத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்டாண்ட்பை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த ஐந்து வருடத்தில் பாதி நாட்களை அவன் விமானிகள் ஓய்வறையில், நுரை பிதுங்கிய ஒரு சோபாவில்தான் கழித்திருந்தான். சீருடை போட்டு, ஷூ கட்டி, கூப்பிட்டால் ஓடுவதற்குத் தயாராக உட்கார்ந்திருப்பான். போன் அடிக்காது. மாலையில் எழுந்து வீட்டுக்குப் போவான்.

நிறுவனத்தில் பதினோரு விமானங்கள் இருந்தன. எழுபது பேர் உட்காரும் ப்ரொப்பெல்லர் விமானங்கள். துணை விமானிகள் தேவைக்கு மேல் இருந்தார்கள். கேப்டன்கள்தான் இல்லை. ஒருவர் கேப்டனாகி ஆயிரம் மணி நேரம் பறந்து முடித்தால் போதும், பெரிய நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். கேப்டன் இல்லாமல் விமானம் கிளம்பாது. விமானம் கிளம்பாவிட்டால் துணை விமானிக்கு மணி நேரம் ஏறாது. ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் ஏறாத துணை விமானி கேப்டன் பயிற்சிக்குப் போக முடியாது.

இதை அவன் ஒருநாள் மாமனாருக்கு விளக்கிச் சொன்னான். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மகள் வீட்டோடு இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"டிரைவர் இல்லன்னு பஸ்ஸ நிறுத்துறான். டிரைவர் ஆகணும்னா பஸ்ல இத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கணும்கிறான். பஸ்ஸயே நிறுத்திட்டா எங்க போய் உட்கார்றது மாப்பிள்ளை? இத யோசிச்சவன் ரொம்பப் படிச்சவனா இருப்பான். நம்மள மாதிரி ஆளுக்கு இப்படியெல்லாம் தோணாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. 

அந்த வருடம் ஒரு கேப்டன் பயிற்சி வகுப்பு அறிவித்தார்கள். எட்டு இடம். தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் இயந்திரத்தை வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அடுத்த வகுப்பு இரண்டு வருடம் கழித்துத்தான், அதுவும் நிச்சயமில்லை. பட்டியல் வரிசைப்படி எடுப்பார்கள். மாதம் முப்பதாம் தேதிக்குள் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் முடித்திருக்க வேண்டும். பட்டியலில் அவன் எட்டாவது ஆள். அவனுக்கு வயது முப்பத்தொன்பது. பெரிய நிறுவனங்கள் நாற்பத்திரண்டுக்கு மேல் புதிதாக யாரையும் எடுப்பதில்லை. இந்த வகுப்பு போனால் எல்லாம் போனதுதான். இதையும் மாமனாருக்குச் சொன்னான். இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை.

முப்பதாம் தேதி காலையில் அவன் கணக்கில் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று மூன்று மணி இருபது நிமிடம் இருந்தது.

அன்றைக்கு அவனுக்கு நான்கு பறப்புகள். மலைப்பக்கத்து ஊருக்கு இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்ப வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் மணி நேரம். நான்கும் முடிந்தால் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருபது நிமிடம் மிச்சம் இருக்கும். யார் எந்த விமானத்தில் பறக்க வேண்டும் என்று அட்டவணை போடுகிற பெண்மணியை எல்லோரும் ரோஸ்டர் அக்கா என்பார்கள். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு இந்த நான்கையும் அவனுக்காகச் சேர்த்து வைத்தவர் அவர்தான்.

அவன் குளித்துவிட்டு வந்தபோது மாமனார் அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மாமா?"

"நீங்க போட்டா கையில ரெண்டு மடிப்பு விழுது. கேப்டனாகப் போற சட்டை கத்தி மாதிரி இருக்க வேண்டாமா? பக்கத்து வீட்ல சொல்லிட்டேன். பேப்பர் போடுறவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பேப்பர்காரர்கிட்ட எதுக்குப்பா?" என்றாள் அவன் மனைவி. மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. கிளம்பும் அவசரத்தில் ஒரு கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். "இன்னும் நாலு தடவை ஏறி இறங்கணும். அதுக்குள்ள ஊரக் கூட்டாதீங்க."

"நல்ல சேதிய வயித்துல வெச்சிருந்தா அஜீரணம் ஆகும்மா."

அவள் சாப்பாட்டு டப்பாவை அவன் பையில் வைத்தாள். வாசலில் ஒரு நிமிடம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். தினமும் செய்வதுதான். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது.

அன்றைய கேப்டனை எல்லோரும் அண்ணே என்று கூப்பிடுவார்கள். அவனைவிட ஆறு வயது மூத்தவர், நல்ல மனிதர். பெரிய நிறுவனம் ஒன்று அவரை எடுத்திருந்தது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மருத்துவப் பரிசோதனை, பத்தாம் தேதி வேலையில் சேர வேண்டும். காலையில் விமானத்துக்கு நடக்கும்போதே அவர் மூக்கை உறிஞ்சினார்.

"சளியாண்ணே?"

"சின்னதா. பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து வாங்கிட்டு வந்து எனக்குக் கொடுத்திருக்கா. நீ வா, உன் நாலையும் முடிச்சிடுவோம்."

முதல் பறப்பு நன்றாகவே போனது. விமானம் தரையிறங்கும்போது மட்டும் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் காற்றை ஊதிப் பார்த்தார். காது அடைத்துக்கொண்டால் உயரம் குறையக் குறைய உள்ளே ஊசி குத்துவதுபோல வலிக்கும். விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியும். இரண்டாவது முறை இறங்கியபோது அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பயணிகள் இறங்கிய பிறகு, பையிலிருந்து ஒரு அட்டையைப் பிரித்து இரண்டு மாத்திரையை ஒரே வாயில் விழுங்கினார். அட்டையின் இளஞ்சிவப்பு நிறத்தை அவன் பார்த்தான். அதைப் பற்றி மனைவி பலமுறை வீட்டில் பேசியிருந்தாள். அதைக் கொடுக்கும்போதெல்லாம், தூக்கம் வரும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுப்பாளாம்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கண் பார்த்ததை மனம் கொஞ்ச நேரம் பார்க்காததுபோல இருந்தது. இன்னும் இரண்டே பறப்பு. இதுதான் அன்றைக்கு அவன் செய்த தவறு. பின்னால் பல நாள் அவன் கடவுளிடம் கேட்ட மன்னிப்பும் இந்த ஒன்றுக்காகத்தான்.

மூன்றாவது பறப்பில் அவன் ஓட்டினான். வானொலியில் பேசுவதும் அவன் சொல்வதைச் செய்து கொடுப்பதும் அண்ணன் வேலை. மலையூரை நெருங்கியபோது கட்டுப்பாட்டுக் கோபுரம் அவர்களைக் கூப்பிட்டது. அண்ணன் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. மூன்றாவது முறை அவனே பதில் சொன்னான். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்தது.

"சக்கரம்" என்றான் அவன். சக்கரத்தை இறக்கும் கைப்பிடியை அண்ணன்தான் இயக்க வேண்டும்.

அண்ணன் கை அசையவில்லை.

"அண்ணே, சக்கரம்."

கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

"அண்ணே!"

திடுக்கிட்டு அவர் கைப்பிடியை இறக்கினார். மூன்று பச்சை விளக்குகளும் எரிந்தன. விமானம் பூப்போல இறங்கியது. பின்னால் யாரோ ஒரு குழந்தை கை தட்டியது.

பயணிகள் இறங்கினார்கள். திரும்பிப் போக வேண்டியவர்கள் ஐம்பத்தெட்டு பேர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். விமானி அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருந்தார்கள். அவன் மடியில் பறப்புப் புத்தகம் திறந்திருந்தது. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று எட்டு மணி முப்பத்தைந்து நிமிடம். இன்னும் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் வேண்டும்.

"அண்ணே, நீங்க ஆபீசுக்குச் சொல்லிடுங்க. முடியலன்னு."

"என்னத்த முடியல? காதுக்குள்ள காத்து போகல, அவ்வளவுதான். ஒரு காபி குடிச்சா சரியாயிடும்."

"மூணு தடவை கூப்பிட்டேன்."

அண்ணன் கையால் முகத்தைத் துடைத்தார். "இப்ப நான் சொன்னா என்ன மாத்திரை, எப்ப போட்டன்னு கேப்பான். லைசன்ஸ நிறுத்தி வைப்பான். அஞ்சாந்தேதி மெடிக்கல்டா. ரெண்டு வருஷமா நான் காத்திருந்தது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "காலையில லீவு சொல்லத்தான் போன் பண்ணினேன். ரோஸ்டர் அக்காதான், 'வேற கேப்டன் இல்ல, இன்னைக்கு ஸ்டாண்ட்பைக்குக் கடைசி நாள்'னு சொல்லுச்சு. சரி, பையன் பாவம்னு வந்தேன். உனக்காகத்தான்டா வந்தேன்."

அது உண்மை. அந்த உண்மைதான் அவனைக் கட்டிப்போட்டது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பான். அக்கா அவனுக்காக மூன்று நாள் அட்டவணையோடு மல்லுக்கட்டினார். அண்ணன் சளியோடு எழுந்து வந்தார். மாமனார் சட்டைக்கு இஸ்திரி போட்டார். எல்லோரும் அவன்மீது வைத்த பிரியம் ஒன்றுசேர்ந்து அவனை அந்த இருக்கையில் உட்கார வைத்திருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஐம்பத்தெட்டு பேருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்கள் டிக்கெட் வாங்கியது வீட்டுக்குப் போக.

அவன் மனதுக்குள் கடவுளை ஒருமுறை கூப்பிட்டான். பிறகு போனை எடுத்தான்.

"அக்கா, ஸ்டாண்ட்பை பேசுறேன். அடுத்த ஃபிளைட் போக முடியாது. நான் பறக்கிற நிலையில இல்ல."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "என்ன தம்பி விளையாடுறியா? தேதி தெரியுமா இன்னைக்கு?"

"தெரியும்க்கா."

"யாருக்கு முடியல? உனக்கா, அவருக்கா?"

பக்கத்தில் அண்ணன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது அடைத்திருந்தாலும் இது அவருக்குக் கேட்டிருக்கும். அவர் வாய் திறக்கட்டும் என்று அவன் காத்திருந்தான். ஐந்து நொடி, பத்து நொடி.

"எனக்குத்தான்க்கா."

"இன்னொரு தடவை கேக்குறேன் தம்பி. நான் எழுதிட்டா எழுதினதுதான்."

"எழுதுங்கக்கா."

ஒரு நிலைமையில் பறக்க மனம் ஒப்பாதவன் பறக்கும் நிலையில் இல்லாதவன்தான். சொன்னது பொய் இல்லை என்று அவன் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். முழு உண்மையும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

விமானம் ரத்து என்று அறிவித்தார்கள். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண் தனியாக நின்று அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் பின்வாசல் வழியாக ஓட்டலுக்குப் போய்விட்டார். அவனால் அப்படிப் போக முடியவில்லை. கவுன்ட்டருக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றான்.

"என்னாலதான் நிக்குது. எனக்கு உடம்பு முடியல. மன்னிச்சுக்குங்க."

"உடம்பு முடியலேன்னா வீட்ல படுக்க வேண்டியதுதானே? பாதி வழியில வந்து விட்டுட்டு நிக்கிற!" கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கத்தினார். "நாளைக்குக் காலையில எனக்குக் கோர்ட்ல கேஸ். நீயா வந்து பதில் சொல்லுவ?"

"ஆளப் பாத்தா நல்லாத்தான் இருக்கான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சட்டையப் பாரு, மடிப்புக்கூடக் கலையல."

அவன் கை கட்டி நின்றான். எல்லோரும் திட்டி ஓய அரை மணி நேரம் ஆனது. பிறகு மூலையில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் வந்தார். கையில் ஒரு ஃப்ளாஸ்க். மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினார்.

"கோவத்துல பேசிட்டேன். குடிங்க. உடம்பு முடியாதவன நிக்க வெச்சுப் பேசியிருக்கக் கூடாது."

"எனக்கு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். மூடியை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். அன்றைக்கு அவனுக்குக் கண் கலங்கியது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் தலைமை விமானி அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"இல்ல சார்."

"என்ன உடம்புக்கு?"

அவன் சொல்லவில்லை. ஐந்தாம் தேதி இன்னும் வரவில்லை.

"சார், ஒரு மணி இருபத்தஞ்சு நிமிஷம்தான். இந்த வாரத்துலயே முடிச்சிடுவேன். சிமுலேட்டருக்குப் பத்து நாள் இருக்கு."

"உனக்குத் தளர்த்தினா நாளைக்கு ஒன்பதாவது ஆள் வந்து நிப்பான். மணி நேரம்னா மணி நேரம்தான்ப்பா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொண்ணு. சொல்லாம கொள்ளாம நடுவுல முடியாதுன்னு சொன்னவன டாக்டர் பாக்காம நான் பறக்க விட முடியாது. ஃபைல் அனுப்பியிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் உட்காரு."

ஒன்றுமே இல்லாத உடம்பில் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுக்க ஆறு வாரம் ஆனது.

வகுப்புப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் வந்தது. எட்டாவது இடத்தில் கடைக்குட்டி இருந்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது பட்டியலில் கடைசி ஆளாக இருந்தாள் என்று வைத்த பெயர். பிறகு இருபது பேர் சேர்ந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் ஓடி வந்து, "அண்ணே, உங்க இடத்த நான் பிடுங்கிட்டேனா?" என்று கேட்டாள். "இடம் யார் பேர்லயும் எழுதியில்லம்மா, போய் நல்லாப் படி" என்றான். சொல்லிவிட்டுக் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவினான்.

மாமனாருக்கு முப்பதாம் தேதியே போனில் விஷயம் தெரிந்துவிட்டது. அவன் வீடு திரும்பிய ராத்திரி மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எந்த மாத்திரை?" அவன் சொன்னான். "ரெண்டா போட்டாரு?" என்றாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, "அவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அண்ணன் பத்தாம் தேதி பெரிய நிறுவனத்தில் சேர்ந்தார். வழியனுப்பு விழாவில் கேக் வெட்டினார்கள். அவனுக்கு ஒரு துண்டு ஊட்டிவிட்டபோது அவர் கண் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அவர் போனதில் தினமும் இரண்டு விமானம் நின்றது.

இரண்டு நாள் கழித்து, ஓய்வறையில் கடிதங்கள் போடும் அவனுடைய அறைப்பெட்டியில் ஒரு உறை கிடந்தது. அதற்குள் தோளில் மாட்டும் நாலு கோட்டுப் பட்டை ஒரு ஜோடி. கேப்டன்கள் மாட்டுவது. அவனைப் போன்ற துணை விமானிகளுக்கு மூன்று கோடுதான். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "அன்னைக்கு நான்தான் சொல்லியிருக்கணும். வாய் வரல. இது உனக்கு."

அவன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல மனிதர்தான் அண்ணன். நல்ல மனிதராக இருக்க வேண்டிய பத்து நொடியில் மட்டும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. யாருக்குத்தான் வராது என்று நினைத்துப் பார்த்தான். நினைப்பால் கசப்பு குறையவில்லை. பட்டையை லாக்கருக்குள், பழைய சாக்ஸ்களுக்கு அடியில் வைத்தான்.

ஏழாவது வாரம் கடைக்குட்டி பயிற்சி முடித்துத் திரும்பி வந்தாள். ஓய்வறையில் எல்லோரிடமும் புலம்பினாள்.

"ஸ்டோர்ல நாலு கோட்டுப் பட்டை இல்லையாம்ப்பா. வர்றதுக்கு ஒரு மாசம் ஆகுமாம். நாளைக்கு முதல் ஃபிளைட். பேசாம பேனாவால ஒரு கோடு போட்டுக்கட்டுமா?"

"சாக்பீஸ்ல போடு, வேலைய விட்டுப் போறப்ப அழிச்சிட்டுப் போகலாம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்டாண்ட்பை எழுந்து லாக்கருக்குப் போனான். சாக்ஸ்களை விலக்கினான். ஒரு நிமிடம் அங்கேயே நின்றான். இதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து என்ன செய்யப்போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான்.

"அண்ணே! உங்களுக்கு எப்படி இது?"

"ஒருத்தர் விட்டுட்டுப் போனது. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளு. என்னைக்காவது முடியலன்னா, முடியலன்னு நீயே சொல்லிடு. பக்கத்துல இருக்கிறவன் வாயால சொல்ல வைக்காத."

அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இருந்தாலும் தலையாட்டினாள். நேராக ரோஸ்டர் அக்காவிடம் போய், "நாளைக்கு எனக்கு அவர்தான் வேணும்" என்று அடம்பிடித்திருக்கிறாள். டாக்டர் கடிதம் அன்று காலைதான் வந்திருந்தது. அக்கா மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் அவள் இடப்பக்கம் கேப்டன் இருக்கையிலும் அவன் வலப்பக்கமும் உட்கார்ந்தார்கள். அதே மலையூர். அவன் ஓட்டினான். கோபுரம் ஒருமுறை கூப்பிட்டது, அவள் ஒருமுறையில் பதில் சொன்னாள். ஓடுதளம் தெரிந்தது.

"சக்கரம்" என்றான்.

சொல்லி முடிக்கும்முன் அவள் கை கைப்பிடிக்குப் போய்விட்டது.

தரையில் நின்ற பிறகு அவன் பறப்புப் புத்தகத்தில் எழுதினான்: ஆயிரத்து ஐந்நூறு மணி இருபது நிமிடம். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த கோர்ஸ்ல முதல் ஆளு நீங்கதான்ண்ணே!"

"ஆமாம்மா" என்றான். அடுத்த வகுப்பு இரண்டு வருடத்துக்கு இல்லை என்ற சுற்றறிக்கை முந்தின நாளே வந்துவிட்டதை அவளுடைய முதல் நாளில் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் மாமனார் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். அந்த முப்பதாம் தேதிக்குப் பிறகு அவர் அந்த வேலையை விடவே இல்லை.

"நாளைக்கு என்ன மாப்பிள்ளை?"

"ஸ்டாண்ட்பைதான் மாமா. சும்மா உட்கார்றதுக்கு எதுக்கு இஸ்திரி? விடுங்க."

அவர் விடவில்லை. சட்டைக் கையை விரித்து, நீர் தெளித்து, பெட்டியை வைத்து அழுத்தினார்.

"உட்கார்றவன் சட்டைதான் மாப்பிள்ளை ரொம்பக் கசங்கும்" என்றார்.